யாரிடமும் சொல்லாத அந்த ஒரு போத்தல் சேலைன்

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 25. ஊர் சாம்பல்தீவு. மட்டக்களப்பில் மூன்று வருடத் தாதியர் பயிற்சியை முடித்துவிட்டு, மூன்று மாதங்களுக்கு முன் திருகோணமலை மாவட்டத்தில் ஒரு வைத்தியசாலையின் மருத்துவ விடுதியில் வேலைக்குச் சேர்ந்தேன். படிக்கும்போது முதல் ஐந்து பேருக்குள் வந்தவள். போன மாதத்திலிருந்து கனுலா (சேலைன் ஏற்ற நரம்பில் செருகும் மெல்லிய குழாய்) போடும்போது கை நடுங்குகிறது. விடுதிக்குப் பொறுப்பான சிஸ்டர் நோயாளிகள் முன்னாலேயே ஏசுகிறார். கந்தளாய்ப் பக்கத்திலிருந்து வருபவர்களுடன் சிங்களத்தில் கதைக்கத் தெரியாமல் நிற்கிறேன். போன மாதம் ஒரு முதியவருக்கு நான்கு மணித்தியாலத்தில் ஏற வேண்டிய 500 மில்லிலீற்றர் சேலைன் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் ஏறி முடிந்துவிட்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, இரண்டு நாளில் வீட்டுக்குப் போய்விட்டார். நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது என் சித்தியின் மகளுக்குத் தாதியர் பயிற்சிக்கு அழைப்பு வந்திருக்கிறது. "போகட்டுமா அக்கா?" என்று கேட்கிறாள். நான் என்ன சொல்வது?
— பெயர் வேண்டாம், திருகோணமலை

பதில்: அன்புத் தங்கைக்கு,

சேலைன் விஷயத்தைக் கடிதத்தின் நடுவில் இரண்டு மூன்று வரிகளில் சொல்லிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்கப்போகிறேன். கை நடுங்குவது போன மாதத்திலிருந்து என்கிறீர்கள். சேலைன் ஏறியதும் போன மாதம். அதற்கு முந்திய இரண்டு மாதங்களும் இதே கையால்தானே கனுலா போட்டீர்கள்? அப்போது நடுங்காத கை இப்போது நடுங்குகிறது என்றால், குறை உங்கள் கைத்திறனில் இல்லை. சொல்லாமல் உள்ளே வைத்திருக்கும் விஷயம் விரலுக்கு வந்துவிட்டது.

கணக்கை நீங்கள் சரியாகத்தான் போட்டிருப்பீர்கள். மில்லிலீற்றருக்கு 20 துளி விழும் செட் (சேலைன் இறங்கும் குழாய்) என்றால், 500 மில்லிலீற்றரை நான்கு மணித்தியாலத்தில் ஏற்ற நிமிடத்துக்கு 42 துளி. முதல் ஐந்து பேருக்குள் வந்த பிள்ளைக்கு இது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பரீட்சைத் தாளில் வரும் நோயாளி கையை மடக்குவதில்லை. வாட்டில் இருக்கும் ஐயா மடக்குவார். மடக்கிய கையில் மந்தமாக ஏறுவதைப் பார்த்து நாம் குழாயில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகியைக் கொஞ்சம் தளர்த்திவிடுவோம். பிறகு அவர் மலசலகூடத்துக்குப் போய்வந்து கையை நீட்டிப் படுப்பார். அவ்வளவுதான், 42 துளி 100 துளியாகிவிடும். அதனால்தான் ஒருமுறை எண்ணியது போதாது. கால் மணி நேரம் கழித்து ஒருமுறை, அவர் எழுந்து நடந்து வந்தால் உடனே இன்னொரு முறை எண்ண வேண்டும். போத்தலின் பக்கத்தில் நீளமாக ஒரு பிளாஸ்டர் ஒட்டி, பத்து மணிக்கு இதுவரை, பதினொரு மணிக்கு இதுவரை என்று பேனாவால் கோடு போட்டுவிடுங்கள். நாற்பது கட்டில்களுக்கு நடுவே ஓடும்போதும் கோட்டுக்குக் கீழே நீர் இறங்கிவிட்டது என்பது தூரத்திலிருந்தே தெரியும். எனக்கு ஒரு மூத்த தாதி சொல்லித் தந்த வழி இது. இன்றுவரை இதைவிட எளிதான ஒன்றை நான் கண்டதில்லை.

"ஒன்றும் ஆகவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைச் சொல்லி உங்களைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை. அந்த ஐயாவின் இதயமும் சிறுநீரகமும் தாங்கிக்கொண்டன. பலவீனமான இதயமுள்ள வேறொருவருக்கு அதே நீர் நுரையீரலில் போய் நின்று மூச்சை அடைத்திருக்கலாம். டெங்கு நோயாளிக்கு இன்னும் மோசம். 2017இல் கிண்ணியா பட்ட பாட்டை நம் மாவட்டம் மறக்காது. டெங்கில் காய்ச்சல் விட்டதும் பிள்ளை எழுந்து உட்கார்ந்து தாயைப் பார்த்துச் சிரிக்கும். சுகமாகிவிட்டது என்று தாய் வீட்டுக்குப் போகத் துணி மடிப்பார். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்குவது அந்த நேரத்தில்தான். அந்த ஒன்றிரண்டு நாட்களில் நீர் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. பிரஷர் 100க்கு 80 என்று காட்டும்போது 100ஐ மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டால் பிள்ளையை இழப்போம். இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி 20ஆகச் சுருங்கிவிட்டது, அது ஆபத்து என்று பார்த்தால் டொக்டரைக் கூப்பிட ஓடுவோம்.

அன்றைக்குச் செய்திருக்க வேண்டியது இதுதான்: செட்டைப் பூட்டி, தலைமாட்டை உயர்த்தி, மூச்சு, நாடி, பிரஷர், ஒட்சிசன் அளவு எல்லாம் பார்த்து, டொக்டரிடம் சொல்லி, ஏறி முடிந்த உண்மையான நேரத்தைக் கட்டில் டிக்கெட்டில் (நோயாளியின் பதிவுத் தாளில்) எழுதுவது. எந்த நிலையிலும் அந்த நேரத்தை மாற்றி எழுத வேண்டாம். தவறு நடந்ததை மன்னிக்கும் வாட்டிலும், பொய்யாக எழுதியதை மன்னிக்கமாட்டார்கள், மன்னிக்கவும் கூடாது.

அந்த நாள் போய்விட்டது. சிஸ்டர் இருக்கிறார். அவரிடம் சொல்லுங்கள். காலை டியூட்டியில் ஒரு மணிக்கு அடுத்து வருபவர்களிடம் பாரம் கொடுத்து முடிந்ததும், மற்றவர்கள் போன பிறகு, "சிஸ்டர், எனக்கு ஐந்து நிமிடம் வேண்டும். போன மாதம் என்னுடைய டியூட்டியில் ஒரு ஐயாவுக்கு சேலைன் வேகமாக ஏறிவிட்டது. அன்று பயத்தில் சொல்லவில்லை. திரும்ப நடக்காமலிருக்க என்ன செய்யலாம் என்று கேட்க வந்தேன்" என்று நேராகச் சொல்லுங்கள். அழுகை வந்தால் வரட்டும், ஆனால் சொல்லி முடியுங்கள். அவர் ஏசலாம். ஏசிவிட்டு, இதுபோல இந்த வாட்டில் வேறு யாருக்கும் நடந்திருக்கிறதா என்று தேடவும் செய்யலாம். நீங்கள் மூடி வைத்தால் அந்தத் தேடல் நடக்காது. அடுத்த பிள்ளையும் அதே திருகியைத் தளர்த்திவிட்டு நகர்ந்துவிடும்.

என்னுடையதையும் சொல்கிறேன். நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த வைத்தியசாலையில், மூச்சு எண்ணிக்கையை யாரும் எண்ணுவதில்லை. எல்லா நோயாளிக்கும் 20 என்று நிரப்பிவிடுவோம். நானும் அப்படியே பழகிவிட்டேன். ஒருநாள் இரவு வயதான ஓர் அம்மா என் கையைப் பிடித்து, "ஒரு மாதிரியாக இருக்கிறது மகள்" என்றார். நாடி பார்த்தேன், பிரஷர் பார்த்தேன், மூச்சுக்கு 20 என்று எழுதினேன். சுற்றி வந்த சிஸ்டர் தாளைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்து அந்தக் கட்டிலோரம் போட்டு, என்னை உட்காரவைத்து, தன் மணிக்கூட்டைக் கழற்றி என் கையில் தந்தார். ஒரு முழு நிமிடம். போர்வை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன். 34. அந்த அம்மாவுக்கு நிமோனியா. விடியும்வரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. முந்திய நாட்களில் 20 என்று எழுதியவற்றை எண்ணாமல்தான் எழுதினேன் என்று அன்றிரவே சிஸ்டரிடம் சொன்னேன். அவர் ஏசிய ஏச்சு இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த நாள் என் கை நடுங்கவில்லை என்பதும் நினைவிருக்கிறது.

"ஒரு மாதிரியாக இருக்கிறது" என்ற அந்த வாக்கியத்துக்கு நீங்கள் ஆங்கிலத்தில் படித்த எந்தச் சொல்லும் பொருந்தாது. நம் ஊர் வருத்தக்காரர் மாரடைப்பையும் அப்படித்தான் சொல்வார், சீனி குறைந்ததையும் அப்படித்தான் சொல்வார். அதைக் கேட்டால் நின்று பாருங்கள்.

நோயாளிகள் முன்னால் ஏசுவதைப் பற்றி: அது பிழை. மூத்தவர்கள் செய்தாலும் பிழைதான். உங்களைப் பற்றிய நம்பிக்கை நோயாளிக்குப் போய்விட்டால் மருந்து கொடுக்கும்போது ஆயிரம் சந்தேகம் வரும். சொன்ன விஷயம் சரியென்றால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். "இனி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள் சிஸ்டர்" என்று மரியாதையாகக் கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதன் பிறகும் நாள்தோறும் அவமானப்படுத்தினால், திகதியும் நடந்ததும் குறித்து, தாதியருக்கெல்லாம் மேலான மேட்ரனிடம் எழுத்தில் கொடுங்கள்.

சிங்களத்துக்கு இலக்கணம் வேண்டாம், பத்து வாக்கியம் போதும். "கொஹேத ரிதென்னே?" என்றால் எங்கே நோகிறது என்று அர்த்தம். "ஹுஸ்ம" மூச்சு, "வதுர" தண்ணீர். கந்தளாயிலிருந்து வந்த அம்மாவிடமே கேட்டுப் படியுங்கள். பிழையாகச் சொன்னால் அவர் சிரித்துத் திருத்துவார், அந்தச் சிரிப்பில் பாதி பயம் அவருக்கும் போய்விடும். ஆனால் ஒவ்வாமை, குடிக்கும் மருந்து, சம்மதம் கேட்பது போன்றவற்றில் அரைகுறை மொழியை நம்ப வேண்டாம். மொழி தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

இரவு டியூட்டி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு சொல். மாலை ஏழிலிருந்து காலை ஏழுவரை நின்றுவிட்டு, தூக்கக் கண்ணோடு நிலாவெளி வீதியில் ஸ்கூட்டர் ஓட்ட வேண்டாம். பஸ்ஸில் போங்கள். கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் பகலில் உறங்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அந்த நாளில் கல்யாண வீடு, கோயில் என்று எதற்கும் கூப்பிட வேண்டாம் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இனிச் சித்தியின் மகள். போகச் சொல்லுங்கள். ஆனால் வெள்ளைச் சீருடையையும் அரசாங்கச் சம்பளத்தையும் மட்டும் சொல்லி அனுப்ப வேண்டாம், உங்கள் சேலைன் கதையையும் சொல்லி அனுப்புங்கள். உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளைக்கு முதல் ஆண்டில் ஆங்கிலம் மலையாக நிற்கும். ஒரு கொப்பியை எடுத்து, ஒரு பக்கம் பாடச் சொல்லையும் எதிர்ப்பக்கம் அதையே நம் அம்மாக்கள் எப்படிச் சொல்வார்கள் என்பதையும் எழுதிவரச் சொல்லுங்கள். டிஸ்ப்னியா என்றால் "இளைக்கிறது", "மூச்சு முட்டுகிறது". வொமிட்டிங் என்றால் "சத்தி". மூன்று வருடத்தில் அந்தக் கொப்பி எந்தப் பாடப் புத்தகத்தையும்விட அவளுக்கு உதவும். துளிக் கணக்கைக் கல்குலேட்டர் இல்லாமல் தினமும் இரண்டு போட்டுப் பார்க்கட்டும். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி மூன்றும் போட்டு முடிந்ததா என்று கேளுங்கள்.

இன்னொன்றை அவளிடம் அழுத்திச் சொல்லுங்கள். நோயாளிக்குப் போட்ட ஊசி தன் விரலில் குத்திவிட்டால், கசக்காமல் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அந்த நிமிடமே பொறுப்பானவரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி தொற்றைத் தடுக்கும் மருந்தைச் சில மணித்தியாலங்களுக்குள் தொடங்குவது நல்லது, 72 மணித்தியாலம் கடந்தால் அது பயன்படாது. பயிற்சிக் காலத்தில் பிள்ளைகள் ஏச்சுக்குப் பயந்து இதைத்தான் அதிகம் மறைக்கிறார்கள். மூடி வைத்த ஒரு விஷயம் என்ன செய்யும் என்று நீங்கள் சொன்னால் அவள் நம்புவாள்.

சிஸ்டரிடம் பேசிய பிறகு எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். அவர் என்ன சொன்னார் என்று அறியக் காத்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா