பதில்: அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து கொலம்பஸில் கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

கணவருக்கு கம்மின்ஸ் என்ற எஞ்சின் கம்பெனியில் வேலை, மூன்று வயதுக் குழந்தை, கார் ஓட்டத் தெரியாது, அந்தச் சின்ன ஊரில் தனியாகிவிடுவேனோ என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீங்க சகோதரி.

மக்கள்தொகை சுமார் 50 ஆயிரம்தான். ஆனால் அந்தக் கம்பெனியால் இந்தியக் குடும்பங்கள் நிறைய. பத்தில் ஒருவருக்கு மேல் ஆசியர்கள். வீட்டை மட்டும் டவுன்டவுன் பக்கமே பாருங்கள். ஐ.எம். பெய் வடிவமைத்த ஐந்தாம் தெரு நூலகமும் (வாசலில் சிற்பி ஹென்றி மூரின் பெரிய வெண்கல வளைவு நிற்கும், அவ்வளவு அழகு!), குழந்தைகள் கூரைக்குக் கீழேயே ஏறி விளையாடும் ‘தி காமன்ஸ்’ கட்டடமும் நடந்தே போகும் தூரம். ஜனவரிக் குளிரில் இவைதான் கைகொடுக்கும்.

டவுன் பஸ் உண்டு, ஞாயிற்றுக்கிழமை ஓடாது. அதனால் போனதும் லைசென்ஸ் எடுக்கும் வேலையைத் தொடங்கிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். வாடகை வீடு தேடும்போது ஒஹாயோ மாநிலத்தில் இதே பெயரில் இருக்கும் கொலம்பஸ் ஊரின் விளம்பரங்களும் கலந்து வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.