காலண்டர் தாளின் பின்பக்கம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

மூன்று வருடமாக உங்களைப் படிக்கிறேன். இதுதான் முதல் கடிதம். ஆறு வருடம் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு இப்போது எம்.எஸ்ஸி நர்ஸிங் படிக்கிறேன். ஆய்வுக்கு முதியோர் பராமரிப்பை எடுத்திருக்கிறேன். வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் 60 பேருக்குப் படுக்கைப் புண் தடுப்பு பற்றி வீடியோ போட்டுக் காட்டி, அதற்கு முன்னும் பின்னும் கேள்வித்தாள் கொடுத்து, அவர்களுடைய அறிவு எவ்வளவு கூடியது என்று பார்க்க வேண்டும். கைடு சரி என்றுவிட்டார். எனக்குத்தான் மனம் ஒட்டவில்லை. வீட்டில் மாமனார் வேறு, "ஊசி போடறதுக்கு எதுக்கும்மா ஆராய்ச்சி? அதெல்லாம் டாக்டருங்க பண்றது" என்று சிரிக்கிறார். நர்ஸ்கள் செய்கிற ஆராய்ச்சியால் உண்மையிலேயே ஒரு நோயாளிக்காவது நல்லது நடந்திருக்கிறதா? முதுமை பற்றித் தமிழில் நான் படிக்க வேண்டிய புத்தகங்கள் எவை?

த., பாலக்கோடு

அன்புள்ள த.,

போன வாரம் பரணைச் சுத்தம் செய்யும்போது ஒரு பழைய தகர டப்பாவிலிருந்து காலண்டர் தாள்கள் ஒரு கட்டு கிடைத்தன. இரண்டு நாள் கழித்து உங்கள் கடிதம் வந்தது. வேறு சமயமாக இருந்தால் நாலு வரியில் வாழ்த்துச் சொல்லி முடித்திருப்பேன்.

உங்கள் மாமனார் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். சிரித்தால் சிரிக்கட்டும். திருப்பிப் போட ஒரு கை வேண்டியிருக்கும் நாளில் அவரே விளங்கிக்கொள்வார். நைட்டிங்கேல் அம்மையாரையும் நான் இழுக்கப் போவதில்லை. செவிலியர் தினத்துக்குப் பேச வருகிறவர்களுக்கு அவர் இருக்கட்டும்.

உங்கள் தலைப்புக்கு வருகிறேன். பாடம் நடத்திவிட்டு ஒரு வாரம் கழித்து அதே கேள்விகளை அதே ஆட்களிடம் கேட்டால் மார்க் கூடாமல் என்ன செய்யும்? கூடும். மார்க் கூடியது தற்செயல் இல்லை என்று காட்டுகிற புள்ளியியல் எண்ணான பி மதிப்பும் நீங்கள் எதிர்பார்க்கிறபடியே வரும். தங்க எழுத்தில் தலைப்புப் போட்டு, பைண்ட் செய்து, நூலக அலமாரியில் இதே மாதிரி நூறு ஆய்வேடுகளுக்குப் பக்கத்தில் செருகிவிடுவார்கள். அந்த 60 வீட்டிலும் படுத்திருக்கிறவரின் இடுப்பை யாராவது பார்த்தார்களா? நீங்கள் அளக்கப் போவது மருமகளின் ஞாபக சக்தியை. கிழவிக்குப் புண் வந்ததா இல்லையா என்பதற்கு அந்தக் கேள்வித்தாளில் கட்டமே இல்லையே. மனம் ஒட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மனத்தை நம்புங்கள். தெரிந்துகொண்டே செய்யப் பார்க்கிறீர்கள் என்பதில்தான் எனக்குக் கோபம். ஆறு வருடம் வார்டில் நின்ற ஆள் நீங்கள்!

அறிவு இல்லாததால்தான் புண் வருகிறது என்று யார் சொன்னது? நம் ஊர்ப்பக்கத்து வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மகன் ஓசூரிலோ பெங்களூரிலோ. மருமகள் காலை ஆறு மணிக்குத் தக்காளி பறிக்கப் போய்விடுவாள். கிழவிக்குத் துணை ஒரு சொம்புத் தண்ணீரும் வாசலில் நாயும். அந்த மருமகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வீடியோ காட்டி, "இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும்" என்ற விடைக்கு ஒரு டிக் வாங்கிக்கொண்டு வருவீர்கள். அவளுக்கு அறிவு கூடியிருக்கும். கை இரண்டுதான் இருக்கும், அதுவும் தக்காளிக் காட்டில்.

1998-இல் என் ஆயா, அதாவது பாட்டி, களத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். ஒரு ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் வைத்திருந்தோம். எலும்பை நன்றாகவே பார்த்தார்கள். ஆளைத்தான் யாரும் திருப்பவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து சேலையை மாற்றும்போதுதான் அம்மா பார்த்தாள். வால் எலும்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து, நடுவில் நாணயம் அளவுக்கு ஒரு குழி. டிஸ்சார்ஜ் தாளில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அம்மா தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். சுற்றிலும் ஸ்பிரிட் போட்டுத் தேய்த்து, பவுடரைக் கொட்டினாள். ஆஸ்பத்திரியில் அப்படிச் செய்து பார்த்திருக்கிறாள்.

பக்கத்து ஊரில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு நர்ஸம்மா இருந்தார். சொல்லி அனுப்பியதும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். திண்ணையில் செருப்பைக் கழற்றும்போதே, "புண்ணு எத்தினி நாளா?" என்றார். வாசனை அவருக்கு முன்னால் வந்துவிட்டது. ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து எட்டாத மாடத்தில் வைத்தார். "மாவா பெசையற? தேய்க்காத" என்று அம்மாவுக்கு ஒரு அதட்டு. உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் புண்ணைக் கழுவினார். இரண்டு பழைய சேலை, ஒரு தலையணை, அன்றைக்குக் கிழித்த காலண்டர் தாள், ஒரு பென்சில் கேட்டார்.

எங்கள் பக்கத்துக் கிழவிகளுக்கு முதுகு மரக்கட்டை. கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடு சின்ன வயதில் பல்லில் பழுப்புக் கறையாக வரும், வயதான பிறகு முதுகெலும்பை விறைக்க வைத்துவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல்தான் வந்தது, அதற்குள் ஆயா போய்ச் சேர்ந்துவிட்டாள். மல்லாக்கப் படுத்தால் அவள் பாரம் முழுக்க ஒரே இடத்தில் இறங்கும். முழுசாக ஒருக்களித்தால் உடைந்த இடுப்பில் குத்தும். நர்ஸம்மா முதுகுக்குப் பின்னால் சேலையைச் சுருட்டிக் கொடுத்துக் கால்வாசி மட்டும் சாய்த்தார். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் நிறுத்தினார்.

அப்புறம் ஒன்று செய்தார். புத்தகத்தில் "தோல் சிவந்தால்" என்று போட்டிருப்பார்கள். ஆயாவின் நிறத்தில் சிவப்பை எங்கே போய்த் தேடுவது? நர்ஸம்மா புறங்கையை வைத்துப் பார்த்தார். அம்மாவின் கையையும் பிடித்து வைத்தார். "இங்க சுடுது பாரு. இங்க கெட்டியா இருக்கு பாரு. இதுதான் அடுத்த புண்ணு."

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அதனால் கோடு. இடது பக்கம் சாய்ந்த கோடு என்றால் இடப்பக்கம் திருப்பியது, வலது பக்கம் சாய்ந்தால் வலம், நேர்க்கோடு என்றால் சுவரில் சாய்த்து உட்காரவைத்தது. மணி பார்க்கவும் தெரியாது. தாளின் பின்பக்கத்தில் நர்ஸம்மா கட்டம் போட்டுக் கொடுத்தார்: கோழி கூவினது, பள்ளிக்கூட மணி, மத்தியான பஸ், விளக்கு வைத்தது, கடைசி பஸ். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் படம். அந்தக் கோழி வாத்து மாதிரி இருக்கிறது.

முதல் வாரத் தாள்களில் கடைசி பஸ்ஸுக்கும் கோழிக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. அம்மா பகலெல்லாம் காட்டு வேலை செய்துவிட்டுத் தூங்கிப் போயிருக்கிறாள். திட்டு விழும் என்று பயந்துகொண்டேதான் தாளைக் காட்டினாள். நர்ஸம்மா திட்டவில்லை. தாளைப் பார்த்தார். ஆயாவின் இடுப்பில் புறங்கையை வைத்தார். மறுபடி தாளைப் பார்த்தார். "நடுச்சாமத்துல ஒரே ஒரு தரம் திருப்பு. மத்த நேரம் நீ தூங்கு" என்றார். அதற்கப்புறம் வருகிற தாள்களில் இரவுக்கு ஒரே ஒரு கோடுதான். புண் மூட நாலு மாதம் ஆயிற்று.

ஒரே நோயாளி, ஒப்பிட இன்னொரு ஆள் இல்லை. இதை ஆதாரம் என்று யாரிடமும் காட்ட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் எத்தனை தரம் திருப்பினால் இந்த இடுப்புக்குப் போதும் என்று அந்த நர்ஸம்மா கேட்டது சரியான கேள்வி. அதே கேள்வியை முறையாகக் கேட்ட நர்ஸ்கள் இருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன் என்ற நர்ஸ் தன் சகாக்களோடு முதியோர் வார்டுகளில் ஆய்வு செய்து 1962-இல் வெளியிட்டார். முதுகில் எதைத் தடவினால் புண் வராது என்று ஆளுக்கு ஒரு மருந்து சொல்லிக்கொண்டிருந்த காலம். தடவியதில் எதுவும் பலன் காட்டவில்லை, முறைவைத்துத் திருப்பிப் போட்டதுதான் காட்டியது. அம்மாவின் கையில் இருந்த ஸ்பிரிட் பாட்டிலுக்கு எதிரான தீர்ப்பு முப்பத்தாறு வருடம் முன்பே வந்துவிட்டது. எங்கள் ஊருக்கு அது டவுன் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. ஒரு நோயாளிக்காவது நல்லது நடந்ததா என்று கேட்டீர்களே, அவள் என் ஆயா.

சரி, இரண்டு மணி நேரம் என்ற கணக்கு? அதையும் ஒரு நர்ஸ்தான் சந்தேகப்பட்டார். நான்சி பெர்க்ஸ்ட்ராம். யாருக்குப் படுக்கைப் புண் வரும் ஆபத்து அதிகம் என்று கணிக்கிற பிரேடன் அளவுகோலை வார்டில் நிரப்பியிருப்பீர்கள்; பார்பரா பிரேடனோடு சேர்ந்து அதை உருவாக்கியவர். அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் இல்லங்களில் 900-க்கும் மேற்பட்டவர்களைச் சிலரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, சிலரை 3, சிலரை 4 என்று பிரித்துத் திருப்பிப் பார்த்தார்கள். 2013-இல் முடிவு வந்தது: புண் வருவதில் பெரிய வித்தியாசம் இல்லை. எல்லோரும் அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுத்திருந்தவர்கள், ஆரம்பத்தில் புண் இல்லாதவர்கள். இந்த இரண்டு நிபந்தனையையும் விட்டுவிட்டு யாரிடமாவது இதைச் சொல்லி வைக்காதீர்கள். ஆனால் இதன் பொருள் என்ன என்று யோசியுங்கள். நல்ல மெத்தை இருந்தால் பார்த்துக்கொள்கிறவளுக்கு நாலு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூக்கம். எந்த வீடியோவாலும் அதைக் கொடுக்க முடியாது.

மேரி நெய்லர் என்ற நர்ஸ் 1999-இல் வெளியிட்ட ஆய்வையும் எடுத்துப் பாருங்கள். ஃபிலடெல்ஃபியாவில் டிஸ்சார்ஜ் ஆன முதியவர்களின் வீட்டுக்கே தேர்ந்த நர்ஸ்கள் ஒரு மாதம் போய் வந்தார்கள். 24 வாரத்தில் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் 20 சதவீதம், இந்தக் கவனிப்பு கிடைக்காதவர்களில் 37. அவர் எதை எண்ணினார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

நம் வீடுகளில் ஃபோம் மெத்தை இல்லை. கயிற்றுக் கட்டில் இருக்கிறது, நடுவில் தொட்டில் மாதிரி தொங்குவது. அதன்மேல் இலவம்பஞ்சு மெத்தை, இல்லாவிட்டால் நாலாக மடித்த கம்பளி. வளையாத முதுகோடு ஒரு கிழவர் அதில் படுத்தால் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும்? புண் ஆபத்தைக் கணிக்க நார்ட்டன் உருவாக்கிய அளவுகோலில் ஐந்து கட்டம், பிரேடனில் ஆறு. ஃப்ளோரைடு முதுகுக்குத் தனிக் கட்டம் இரண்டிலும் கிடையாது. கறுத்த தோலில் முதல் அடையாளத்தைப் புறங்கையால் எவ்வளவு முன்கூட்டிப் பிடிக்க முடியும்? இதில் ஏதாவது ஒன்றை எடுங்கள். மூன்றையும் எடுக்காதீர்கள், டிகிரி வாங்க மாட்டீர்கள்.

ஆட்களைத் தேடி அலைய வேண்டாம். வீடு தேடி வந்து மருத்துவம் பார்க்கிற அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம் பக்கத்தில்தான், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை அப்படித்தான் வீட்டுக்கு வருகிறது. கொண்டுவருகிற பெண்ணுக்கு எந்த வீட்டில் யார் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார்கள் என்பது மனப்பாடம். எத்திக்ஸ் கமிட்டி அனுமதியை வாங்கிக்கொண்டு அவரோடு நடங்கள். எண்ணிக்கை போதாது, அலைச்சல் அதிகம், ஆறு மாதத்தில் முடியாது என்று கைடு சொல்வார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும். சண்டை போடுங்கள்.

தாள்களில் 31 மிஞ்சியிருக்கின்றன, மற்றதை எலி தின்றுவிட்டது. போட்டோ எடுத்து அனுப்பலாம் என்றுதான் நினைத்தேன். வேண்டாம், நேரில் வாருங்கள். அம்மாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது, எந்தக் கோடு எதற்கு என்று இன்னும் சொல்கிறாள். நாலு மணிக்கு மேல் வந்தால் நல்லது, மத்தியானம் தூங்குவாள்.

புத்தகங்கள் கேட்டிருந்தீர்கள். மறந்தே போய்விட்டேன், அது இன்னொரு நாள்.