பல ஆண்டுகள் வெளியில் கிடந்த 14 அடி அலுமினிய மீன்பிடிப் படகை எங்கிருந்து செப்பனிடத் தொடங்குவது?

ஒன்ராறியோவில் ஒரு வீட்டின் பின்வளவில் பத்து ஆண்டுகளுக்கு மேலாக மூடாமல் கிடந்த 14 அடி அலுமினியப் படகைக் குறைந்த விலைக்கு வாங்கியிருப்பதாகவும், அதற்கு எந்த வண்ணம் பூசினால் ஒழுக்கு நிற்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வண்ணத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அதே அளவுள்ள, அதே நிலையில் கிடந்த ஒரு படகை என் கையாலேயே செப்பனிட்டு, இப்போது கோடைதோறும் ரைஸ் ஏரியில் ஓட்டி வருகிறேன். அந்த வேலையிலிருந்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: இவ்வகைப் படகுகளில் தகடு தானாகக் கெடுவது அரிது, தகட்டை ஒட்டி உள்ளே மறைந்திருக்கும் பலகையும் மிதவை நுரையும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு தகட்டைக் கெடுக்கின்றன. எனவே கண்ணுக்குத் தெரியாத இடங்களைத் திறந்து பார்ப்பதே முதல் வேலை.

அலுமினியம் காற்றுப் பட்டவுடன் தன்மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்றை உருவாக்கிக்கொள்கிறது. அந்தப் படலமே அதன் காவல். படகுத் தகட்டுக்குப் பெரும்பாலும் பயன்படும் 5052 போன்ற மக்னீசியம் கலந்த உலோகக்கலவைகள் நன்னீரில் வண்ணமே இல்லாமல் பல பத்தாண்டுகள் நிலைக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்களைச் செய்த கிரம்மன் நிறுவனம், போர் முடியும் தறுவாயில் அதே தகட்டு வேலையையும், தகடுகளைத் துளைத்துப் பிணைக்கும் றிவெட் ஆணி வேலையையும் கொண்டு, கனூ எனும் துடுப்புப் படகுகளை அலுமினியத்தில் செய்யத் தொடங்கியது. அந்தக் காலத்துக் கனூக்களை இன்றும் ஏரிகளில் காணலாம். ஆனால் ஈரமான சருகும் சேறும் ஊறிய பலகையும் தகட்டின்மேல் ஆண்டுக்கணக்கில் படிந்து கிடந்தால், அவ்விடத்துக்குக் காற்று போகாது, படலம் புதுப்பிக்கப்படாது, வெண்பொடி பூத்துச் சிறு குழிகள் விழும். உட்புறத்தில் வெண்பொடியைக் கண்ட இடங்களையெல்லாம் நன்கு கழுவி, மழுங்கிய கூரால் மெல்லக் குத்திப் பாருங்கள். கூர் உள்ளே இறங்கினால் அங்கு தகடு இல்லை, பொடிதான் இருக்கிறது.

அடுத்து இருக்கைப் பெட்டிகள். அவற்றின் உள்ளே இருக்கும் நுரைதான் படகு நிரம்பினாலும் மூழ்காமல் உங்களைத் தாங்குவது. ஒரு கன அடி நல்ல நுரை ஏறத்தாழ 27 கிலோ எடையைத் தாங்கும். தண்ணீர் குடித்த நுரை அந்தத் தாங்குதிறனை இழப்பதோடு படகைச் சுமையாகவும் அழுத்துகிறது. 14 அடி வெற்றுப் படகுகள் பலவும் 100 கிலோவை ஒட்டிய எடையுடையவை. இருவர் சேர்ந்து ஒரு முனையைத் தூக்கத் திணறினால் நுரை ஊறியிருக்கிறது என்றே கொள்ளுங்கள். கனடாவின் குளிர்காலம் இதை இன்னும் மோசமாக்கும்: உறையும் தண்ணீர் கன அளவில் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவதால், ஊறிய நுரை ஒவ்வோர் ஆண்டும் பெட்டியின் பொருத்துகளை நெம்பித் தளர்த்துகிறது. பெட்டியின் மேல்தகட்டு றிவெட்டுகளைத் துளைத்தெடுத்து, பழைய நுரையை முழுவதும் அகற்றிவிடுங்கள். வெயிலில் காயவைத்து மீண்டும் பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். உள்ளே ஊறிய தண்ணீர் அவ்வளவு எளிதில் வெளியேறாது. கட்டடங்களுக்குப் பயன்படும் மூடிய கலங்கள் கொண்ட காப்புப் பலகைகளை வெட்டி அடுக்கலாம். ஆனால் அவை பொலிஸ்ரைரீன், பெற்றோல் பட்டால் கரையும்; எனவே எரிபொருள் தாங்கி வைக்கும் பின் இருக்கையின் கீழ் பொலியூரித்தேன் நுரையே ஏற்றது. எதை வைத்தாலும் அடித்தகட்டுக்கும் நுரைக்கும் இடையே தண்ணீர் வழிந்தோட இடைவெளி விடுங்கள். பெட்டியை வெறுமையாக மட்டும் மூடிவிடாதீர்கள்; உயிரோடு விளையாடும் வேலை அது.

பெட்டிகள் திறந்திருக்கும்போதே ஒழுக்கைத் தேட வேண்டும். ஊரில் மரவள்ளங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, சில நாள் தண்ணீரில் கிடந்தால் பலகை ஊதிப் பொருத்து தானாக அடைபடும் என்ற எண்ணம் இருக்கும். அலுமினியம் ஊதாது, இன்று ஒழுகும் றிவெட் நாளை இன்னும் கூடுதலாகவே ஒழுகும். படகை ட்ரெயிலரில் மட்டமாக வைத்து, வெளிப்புறத்தை உலர்த்தி, உள்ளே தண்ணீர் விட்டு, கீழே படுத்துப் பார்த்து, கசியும் ஒவ்வோர் இடத்தையும் மெழுகுக் கோலால் வட்டமிடுங்கள். தண்ணீரின் எடையை மனத்தில் வையுங்கள்: 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்கே ஏறத்தாழ 400 கிலோ சேர்ந்துவிடும் என்பதால், அடிப்பகுதிக்கு நன்றாக முட்டுக் கொடுக்காமல் அதற்குமேல் நிரப்பக்கூடாது. பெரும்பாலான கசிவுகள் அடிநடுவே ஓடும் ஏராவின் இரு பக்கத்திலும், கரையில் இழுத்தேற்றும்போது மணலில் உரசும் முன்முனையான அணியத்தின் கீழும் இருக்கும்.

தளர்ந்த றிவெட்டை முதலில் இறுக்கிப் பாருங்கள். ஒருவர் வெளித்தலையின்மேல் கனமான இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்ளிருந்து வால் முனையைச் சுத்தியலால் அடித்தால், பல றிவெட்டுகள் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். தலை தேய்ந்ததையோ துளை பெருத்ததையோ துளைத்தெடுத்து, அதே உலோகத்தில் ஒரு சுற்றுப் பெரிய, நடுவில் துளையில்லாத முழு றிவெட் அடிக்க வேண்டும். உட்பக்கம் கை எட்டாத இடத்தில், ஒரே பக்கத்திலிருந்து கருவியால் இழுத்துப் பூட்டும் இழுவை றிவெட்டில் முனை மூடிய வகையை நீர்புகாப் பசையில் தோய்த்துப் பொருத்தலாம். வன்பொருள் கடைகளில் பெட்டி பெட்டியாகக் கிடைக்கும் சாதாரண இழுவை றிவெட் வேண்டாம். அதன் நடுத்துளை வழியே தண்ணீர் வரும், உள்ளே நிற்கும் உருக்குத் துண்டும் துருப்பிடிக்கும். உருக்கி ஒட்டுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மெல்லிய தகடு சூட்டில் நெளிந்து, பக்கத்திலிருக்கும் நல்ல றிவெட்டுகளையும் தளர்த்திவிடும். இறுக்கும் வேலை முடிந்தபின், உட்புறப் பொருத்துகளை நன்கு சுத்தம் செய்து, இரு கூறுகளைக் கலந்து பூசும் எபொக்சி அடைப்பை வரிவரியாகப் பூசுவது நல்லது. தளர்ந்த றிவெட்டின்மேல் அதை நேரே பூசினால், ஓடும்போது தகடு அசைந்து ஒரே பருவத்தில் அது வெடித்துவிடும்.

மோட்டார் பூட்டும் பின்சுவர்தான் உங்கள் பணத்திலும் நேரத்திலும் பெரும்பங்கைக் கேட்கும். அலுமினியத் தகட்டுக்கு உள்ளே பொதுவாக 38 மில்லிமீற்றர் தடிப்பில் பிளைவூட் இருக்கும். மோட்டாரின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்திப் பாருங்கள். பின்சுவர் வளைந்து கொடுத்தால் உள்ளே பலகை உளுத்துவிட்டது. பழைய பலகை பொடியாகி விழுந்தாலும் அதன் துண்டுகளைத் தரையில் சேர்த்து வைத்து வடிவத்தை வரைந்துகொள்ளுங்கள். 19 மில்லிமீற்றர் பிளைவூட் இரண்டை எபொக்சியால் ஒட்டி அதே வடிவத்தில் வெட்டி, எல்லாப் பக்கங்களிலும், குறிப்பாக வெட்டு விளிம்புகளில், எபொக்சியைப் பல தடவை பூச வேண்டும். ஆணி போகும் துளைகளைத் தேவைக்குமேல் பெரிதாகத் துளைத்து, எபொக்சியால் நிரப்பி, அது இறுகியபின் சரியான அளவில் மறுபடியும் துளைத்தால், ஆணி வழியே கசியும் தண்ணீர் மரத்தைத் தொடவே தொடாது. இதற்கு மெனக்கெடாமல் விட்டவர்களின் புதுப் பலகைகள் சில ஆண்டுகளிலேயே பழையதைப் போலாவதைப் பார்த்திருக்கிறேன்.

உளுக்காத மரம் என்று எண்ணி, வேலியும் தளமும் அமைக்க விற்கப்படும் மருந்தூட்டிய மரத்தைத் தயவுசெய்து வாங்காதீர்கள். 2004 முதல் வீட்டுப் பயன்பாட்டு மரத்தில் ஆர்செனிக் கலவை விலக்கப்பட்டு, செம்பு கூடுதலாக உள்ள மருந்துகள் வந்தன. ஈரமான நிலையில் செம்பு அலுமினியத்தைத் தின்னும். அந்த மரம் தொடும் இடமெல்லாம் தகட்டில் துளை விழும். ட்ரெயிலரில் படகைத் தாங்கும் நீள்கட்டைகளும் அவ்வகை மரமாக இருந்தால் மாற்றுங்கள். இதே காரணத்தால், பாசி ஒட்டாமலிருக்கப் படகின் அடியில் பூசும் செம்பு கலந்த வண்ணம் இப்படகுக்கு ஆகாது. அடியில் விழுந்து கிடக்கும் பழைய சதக்காசைக்கூடப் பொறுக்கி எடுங்கள், ஏனெனில் 1996 வரை அடிக்கப்பட்ட கனடியச் சதம் ஏறத்தாழ முழுவதும் செம்பு. துருப்பிடிக்காத உருக்கு ஆணிகளைப் பயன்படுத்தலாம், ஆனால் நைலோன் வளையமும் பசையும் இட்டு, உலோகத்தோடு உலோகம் நேரே உரசாதபடி பூட்டுங்கள்.

வண்ணத்துக்கு இப்போது வருகிறேன். அது அழகுக்கு மட்டுமே. பழைய வண்ணத்தின் அடியில் மஞ்சள் கலந்த பச்சை நிறம் தெரிந்தால் அது குரோமேற்றுப் பூச்சாக இருக்கலாம். உலர்வாகத் தேய்த்துத் தூளை மூச்சில் இழுக்காமல், தகுந்த முகக்கவசத்தோடு ஈரமாகத் தேய்க்க வேண்டும். காரச் சோடா கலந்த வண்ண நீக்கிகள் தகட்டையே அரிக்கும். உருக்குக் கம்பித் தூரிகையின் துகள்கள் தகட்டில் பதிந்து பின்னர் துருப்புள்ளிகளாகும். தேய்த்துச் சுத்தம் செய்த அன்றே, புதுப் படலம் தடிக்கும் முன், அலுமினியத்துக்கான முதற்பூச்சைப் பூசிவிட வேண்டும்.

மோட்டாரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆயினும், பல ஆண்டு ஓடாத மோட்டாரில் தண்ணீர் இறைக்கும் ரப்பர்ச் சக்கரத்தையும், கியர் எண்ணெயையும், எரிபொருள் குழாயையும் மாற்றாமல் இயக்க வேண்டாம். வடித்த கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது.

உட்புறத்தில் பலகைத் தளம் அடித்து, கம்பளம் விரித்து, உயரமான சுழல் இருக்கைகளைப் பூட்டும் வழக்கம் இங்கு பரவியிருக்கிறது. இந்த அளவுப் படகில் அதை நான் எதிர்க்கிறேன். கம்பளம் ஈரத்தைத் தகட்டின்மேல் பிடித்து வைக்கும். ஆட்கள் உயரத்தில் அமர்ந்தால் படகு எளிதில் சரியும். தளத்தின் எடை முழுவதும், படகில் ஒட்டியிருக்கும் தகவல் தகட்டில் குறித்துள்ள சுமையிலிருந்துதான் கழியும். எத்தனை பேர், எவ்வளவு எடை, எத்தனை குதிரைவலு என்று அத்தகட்டில் இருப்பதை மீறாதீர்கள்.

பின்சுவரின் வலப்பக்க மேல்மூலையில் உள்ள 12 எழுத்து அடையாள எண்ணை விற்பனைச் சீட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 10 குதிரைவலுவோ அதற்கு மேலோ உள்ள மோட்டார் பூட்டினால் கனடாவில் படகுக்கு உரிம எண் வேண்டும். எவ்வளவு சிறிய மோட்டாரானாலும் ஓட்டுபவரிடம் படகோட்டும் தகுதியைக் காட்டும் இயக்குநர் அட்டை இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி, 15 மீற்றர் மிதக்கும் எறிகயிறு, தண்ணீர் இறைக்கும் வாளி, துடுப்பு, விசில் ஆகியவற்றை முதல் ஓட்டத்துக்கே எடுத்துச் செல்லுங்கள். அந்த ஓட்டத்தைக் காற்றில்லாத காலையில், இறங்குதுறையை விட்டு அகலாமல், இருவராகச் செய்து, ஒருவர் பின்சுவரையும் பெட்டிகளின் அடியையும் கவனித்துக்கொண்டே இருக்கட்டும். திரும்பக் கரையேற்றியதும், வீதியில் இழுத்துச் செல்லும் முன், வடிதுளை மூடியைக் கழற்றி, ஒட்டிய நீர்ப்பாசியை அகற்றுங்கள். 2022 முதல் ஒன்ராறியோவில் இது சட்டம். வடியும் தண்ணீரின் அளவைப் பார்த்தால் இன்னும் எத்தனை றிவெட் மிச்சம் என்பது தெரிந்துவிடும்.