மே மாதம் தீனி வைப்பது யார்?

தொண்டிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியிலிருந்து விலங்கியல் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "பிளஸ் ஒன் பிள்ளைகள் அயல்நாட்டு விலங்குகளைப் பராமரிக்க நேரடியாகக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். முன்னாள் மாணவர் ஒருவர் தான் வளர்க்கும் இகுவானாப் பல்லியையும் 2 சிவப்புக்காது ஆமைகளையும் பள்ளிக்கே தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?"

வேண்டாம் டீச்சர். இகுவானா நன்றாக வளர்த்தால் 15 வருடம்கூட இருக்கும், வாலோடு 5 அடி நீளும். உங்கள் பிள்ளைகளோ 2 வருடத்தில் பள்ளியை விட்டுப் போய்விடுவார்கள். போதாததற்கு, 2024-இல் வந்த விதிகளின்படி அதை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். அவரிடம் அந்தக் காகிதம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஆமைகளை நாணய அளவில் வாங்கியிருப்பார், இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்திருக்கும். அலுத்துப்போன யாராவது ஒருநாள் ஊருணியில் விட்டுவிட்டால், நம் கண்மாய் ஆமைகளின் இரையிலும் இடத்திலும் அது கைவைக்கும்.

பிள்ளைகள் கற்க லவ் பேர்ட்ஸ் என்று கடையில் விற்கிற பட்ஜிகள் 4 போதும். ஆஸ்திரேலியப் பறவைதான், ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே வளர்வது. சந்தையில் பச்சைக்கிளி கிடைக்கிறதே என்று அதை வாங்கிவிடாதீர்கள். அது நம் நாட்டுக் கிளி, வளர்ப்பது குற்றம். வலையில் வந்தது என்று யாராவது கடல்குதிரையைத் தூக்கிவந்தாலும் அதே பதில்தான்.

முதல் பாடம், பிடிப்பது. கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே இருக்கட்டும், முதுகு உள்ளங்கையில் படியட்டும். மார்பை மட்டும் அழுத்தவே கூடாது. பறவைக்கு நம்மைப் போல மூச்சை இழுக்கும் உதரவிதானத் தசை கிடையாது. மார்பெலும்பு ஏறி இறங்கினால்தான் மூச்சு. பயந்த பிள்ளை இறுக்கிப் பிடித்தால் ஒரு நிமிடத்தில் பறவை போய்விடும். முதல் வாரம் சுருட்டிய கைக்குட்டையைப் பிடித்துப் பழகட்டும்.

இரண்டாவது, எடை. எனக்கு இதுதான் மொத்தப் பாடமும். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, மூடியில் துளையிட்ட ஒரு டப்பா, ஒரு நோட்டு. தினமும் காலையில் தீனிக்கு முன்னால் எடை பார்க்க வேண்டும். பட்ஜி 30, 40 கிராம்தான் இருக்கும். நோயைக் கடைசி வரை மறைக்கும் பறவை அது. சிறகை உப்பிக்கொண்டு உட்காரும்போது பாதி நேரம் கைமீறிப் போயிருக்கும். நான் பயிற்சி கொடுத்த ஒரு பள்ளியில் ஒரு பையனின் நோட்டில் 36, 36, 35, 33 என்று இருந்தது. பறவை கத்திக்கொண்டுதான் இருந்தது. "சார், இது சரியில்லை" என்று அவன் வந்து நின்றான். அன்றே மருந்து தொடங்கியதால் பிழைத்தது.

தினையை மட்டும் போட்டால் கொழுத்துவிடும். முருங்கைக்கீரையும் கேரட்டும் தினமும் வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு. நகரத்துக் கடையில் பாக்கெட் போட்டு விற்கிறார்கள், உங்கள் கரையில் அலையே கொண்டுவந்து போடுகிறது! நல்ல தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை எடுத்து, வெயிலில் காயவைத்துக் கம்பியில் செருகுங்கள்.

அந்தக் கம்பிதான் கடற்கரையில் தொல்லை. உப்புக்காற்றில் துத்தநாகப் பூச்சு உரியும், பறவை அதைக் கொறித்தால் நஞ்சு. பவுடர் கோட்டிங் செய்த கூண்டாகப் பாருங்கள். எச்சத் தட்டைக் காய்ந்தபடி பெருக்காமல் தண்ணீர் தெளித்துத் துடைக்கட்டும், முகக்கவசத்தோடு. அந்தத் தூசியில் கிளிக்காய்ச்சல் தொற்றும். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவல்.

கூண்டு வாங்குவதற்கு முன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மே மாதத்தின் 31 தேதிகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பெயர் போடச் சொல்லுங்கள். ஞாயிறு, திருவிழா எல்லாம் சேர்த்துத்தான். சாவி யாரிடம் என்பதும் அதிலேயே இருக்கட்டும். இடைவெளி விழுந்தால் இந்த வருடம் பட்ஜி வேண்டாம்; பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கோழியிலேயே எடை நோட்டைத் தொடங்கட்டும்.