முதல் தெரபி அமர்வுக்குப் போகிறவர் எதற்குத் தயாராக இருக்க வேண்டும்?

அடுத்த வாரம் முதன்முறையாக ஓர் உளவியலாளரைச் சந்திக்கப் போவதாகவும், அங்கே என்ன கேட்பார்கள், எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டுமா, சொல்வது வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ தெரிந்துவிடுமா, எத்தனை நாளில் குணம் தெரியும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் மனநலத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். பேனிக் அட்டாக் எனப்படும் திடீர்ப் பதற்றத்துக்காகக் கோயம்புத்தூரில் தெரபிக்குப் போய்த் தேறியவன். அந்த அனுபவத்தையும் அதன்பின் தேடிப் படித்தறிந்தவற்றையும் வைத்து எழுதுகிறேன். டாக்டர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பிவரும் பழக்கம் நம்மில் பெரும்பாலோருக்கு ஊறிப்போயிருக்கிறது. தெரபியில் அந்தப் பழக்கம் உதவாது என்பதைத்தான் முதலில் சொல்ல விரும்புகிறேன். அங்கே நீங்கள் கேள்வி கேட்க வேண்டும், புரியாததைப் புரியவில்லை என்று சொல்ல வேண்டும், ஒத்துவராததை ஒத்துவரவில்லை என்று சொல்ல வேண்டும்.

நீங்கள் சந்திக்கப் போகிறவர் யார் என்பதைத் தெரிந்துகொள்வதிலிருந்தே அதைத் தொடங்கலாம். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதித் தரும் தகுதி அவருக்கு உண்டு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் உளவியல் படித்து, மருத்துவமனைப் பயிற்சி பெற்று, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவர். பேச்சுவழிச் சிகிச்சை தருவார், மருந்து எழுத மாட்டார். கவுன்சலர் என்று பலகை வைத்திருப்பவர்களில் நன்கு படித்துப் பயிற்சி பெற்றவர்களும் உண்டு, சில வார வகுப்போடு நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. ஆகவே படிப்பு என்ன, பதிவு உண்டா, உங்களுடையதைப் போன்ற பிரச்சினைகளை முன்பு பார்த்திருக்கிறாரா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பவரிடம் மனத்தைத் திறந்து பேசுவது எப்படியும் கடினமாகவே இருக்கும்.

முதல் அமர்வு பெரும்பாலும் கேள்விகளிலேயே கழியும். வழக்கமாக முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை நடக்கும். எதற்காக வந்தீர்கள், எப்போது தொடங்கியது, தூக்கமும் பசியும் எப்படி இருக்கின்றன, வேலையில் கவனம் நிற்கிறதா, குடிப்பழக்கம் உண்டா, வேறு நோய்க்கு மருந்து எடுக்கிறீர்களா, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று வரிசையாகக் கேட்பார்கள். ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்லவும் கூடும். மனச்சோர்வுக்குப் பரவலாகப் பயன்படும் பி.எச்.கியூ.-9 என்ற படிவத்தில் 9 கேள்விகள் இருக்கும்; கடந்த 2 வாரங்களில் ஒவ்வொன்றும் எத்தனை முறை உங்களைத் தொந்தரவு செய்தது என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் இட வேண்டும். அதில் கடைசிக் கேள்வி, இறந்துவிட்டால் நல்லது என்றோ உங்களைத் துன்புறுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்பது. அதைக் கண்டு அதிர்ச்சி அடைய வேண்டாம். எல்லோரிடமும் கேட்கப்படும் கேள்விதான் அது. அப்படி எண்ணம் வந்திருந்தால் உள்ளபடியே சொல்ல வேண்டிய இடமும் அதுதான். தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும் மனச்சோர்வு போலவே தோற்றம் காட்டக்கூடும் என்பதால், இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வரச் சொன்னாலும் வியக்க வேண்டியதில்லை.

இத்தனையும் கேட்டுவிட்டு, முதல் நாளிலேயே அவர் தீர்வு எதுவும் சொல்லாமல் அனுப்பினால் ஏமாற்றமாக இருக்கலாம். இதற்காகவா பணம் கொடுத்தோம் என்றுகூடத் தோன்றும். ஆனால் முழுக்கதையும் தெரியாமல் முதல் பத்து நிமிடத்திலேயே 'நீங்கள் யோகா செய்யுங்கள், பாசிட்டிவாக இருங்கள்' என்று அறிவுரை சொல்பவரைவிட, பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருப்பவர் மேலானவர் என்பது என் உறுதியான கருத்து. அறிவுரை சொல்ல நமக்கு மாமாவும் சித்தப்பாவும் இருக்கிறார்கள். அன்று அழுகை வந்தால் அழலாம், வராவிட்டாலும் குறையில்லை. அமர்வுக்குப் பின் சிலருக்கு லேசாக இருக்கும், சிலருக்குப் பழைய நினைவுகள் கிளறப்பட்டு இரண்டொரு நாள் கனமாக இருக்கும். இரண்டும் இயல்பே. முடிந்தவுடன் அலுவலகக் கூட்டத்துக்கு ஓட வேண்டிய நிலையில் மட்டும் நேரம் வாங்காதீர்கள்.

எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. 'அதைப் பற்றி இப்போது பேச முடியாது, பிறகு சொல்கிறேன்' என்பது முழுமையான பதில். சொல்லத் தயங்கும் விஷயம் ஒன்று இருக்கிறது என்ற அளவில் தெரிவித்தாலே போதும். வாய் திறந்தால் வார்த்தை வராது என்று பயந்தால் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அதை அப்படியே அவர் கையில் கொடுத்துவிடலாம்.

அதன்பின் நடப்பது நீங்கள் எந்தப் பிரச்சினைக்காகப் போகிறீர்கள், அவர் எந்த முறையைப் பின்பற்றுகிறார் என்பவற்றைப் பொறுத்தது. எனக்குக் கிடைத்தது சி.பி.டி. எனப்படும் முறை. எண்ணங்களையும் அவற்றால் நாம் நடந்துகொள்ளும் விதத்தையும் ஆராய்ந்து மாற்றப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சை இது, 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் வளர்த்தெடுத்த சிகிச்சையிலிருந்து வந்தது. எனக்கு டவுன் பஸ்ஸில் கூட்டம் ஏறியதும் நெஞ்சு படபடக்கும், விரல்கள் மரத்துப்போகும், மயங்கி விழுந்துவிடுவோம் என்று தோன்றும். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, இதயத்தில் கோளாறு இல்லை என்று சொல்லித்தான் பொது மருத்துவர் என்னை அங்கே அனுப்பினார். கடைசியாக வந்த ஒரு தாக்குதலை மட்டும் எடுத்துக்கொண்டு, நிமிடம் நிமிடமாக விவரிக்கச் சொன்னார் அந்த உளவியலாளர். முதலில் உடலில் எங்கே தெரிந்தது, உடனே என்ன எண்ணம் வந்தது, அப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டு மூன்று கட்டங்களாக எழுதினார். எழுதி முடித்ததும் மூன்றாம் கட்டத்தைச் சுட்டிக் காட்டினார். ஒவ்வொரு முறையும் நான் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கியிருந்தேன். இறங்கியதால்தான் பிழைத்தேன் என்று மனம் நம்பிக்கொண்டிருந்தது. இறங்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

பிறகு அவர் முன்னிலையில் ஒரு நிமிடம் வேண்டுமென்றே வேகவேகமாக மூச்சுவிடச் செய்தார். அதே படபடப்பு, அதே மரமரப்பு, அதே தலைசுற்றல் அந்த நாற்காலியிலேயே வந்தன. வேகமாக மூச்சுவிடும்போது இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைவதால் இவை உண்டாகின்றன என்றும், மயக்கம் பொதுவாக இரத்த அழுத்தம் இறங்கும்போது வருவது, பதற்றத்திலோ அழுத்தம் ஏறவே செய்கிறது என்றும் விளக்கினார். பயமுறுத்திய ஒன்றை என் மூச்சாலேயே வரவழைக்க முடியும், அது சில நிமிடங்களில் தானாக அடங்கியும் விடும் என்று கண்ணெதிரே கண்டது, ஆயிரம் முறை 'ஒன்றும் ஆகாது' என்று கேட்டதைவிடப் பெரிய தைரியத்தைத் தந்தது. இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது. தனியாக வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம் என்று எல்லோரையுமே கேட்டுக்கொள்கிறேன்.

அமர்வுக்கும் அமர்வுக்கும் இடையே வீட்டுப்பாடம் உண்டு. காந்திபுரத்திலிருந்து உக்கடம் வரை இறங்காமல் பஸ்ஸில் போய் வர வேண்டும் என்பது எனக்குத் தரப்பட்ட முதல் பயிற்சி. அடுத்த முறை போனபோது, 'இது என்னால் ஆகவில்லை மேடம், நினைத்தாலே வயிற்றைப் புரட்டுகிறது' என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கோபிக்கவும் இல்லை, ஊக்கமூட்டிப் பேசவும் இல்லை. எந்த இடத்தில் முடியாமல் போகிறது என்று கேட்டார். கூட்டமில்லாத மதிய நேரத்தில், ஒரே ஒரு நிறுத்தம் கூடுதலாக உட்கார்ந்திருந்தால் போதும் என்று பயிற்சியைக் குறைத்தார். அங்கிருந்துதான் என் முன்னேற்றம் தொடங்கியது. பெரியவர் சொல்லிவிட்டாரே, மனம் நோகுமே என்று 'நல்லா இருக்குங்க மேடம்' எனச் சொல்லி வைத்திருந்தால் அவருக்கு உண்மை நிலவரம் தெரிந்திருக்கவே முடியாது. நம் ஊரில் பலர் இரண்டு மூன்று அமர்வுகளோடு சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதற்கு இந்த மரியாதையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எத்தனை நாளில் குணம் தெரியும் என்பதற்கு ஒரே விடை கிடையாது. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் சி.பி.டி. பொதுவாக வாரம் ஒன்றாக 12 முதல் 20 அமர்வுகள் வரை திட்டமிடப்படும். சிறுவயதுக் காயங்கள் போன்றவற்றுக்கு இன்னும் நீண்ட காலம் ஆகலாம். மூன்று நான்கு அமர்வுகள் முடிந்ததும், எதை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறோம், மாற்றம் தெரிகிறதா என்று நீங்களே கேளுங்கள். உங்களை அவர் மதிக்கிறார் என்ற உணர்வு வராவிட்டால், அல்லது உங்கள் சாதி, மதம், திருமணம், பாலினம் குறித்துத் தம் தீர்ப்பைத் திணித்தால், வேறொருவரிடம் மாறிக்கொள்வதே சரி. சிகிச்சை பலிப்பதில் இருவருக்கும் இடையிலான நம்பிக்கைக்குப் பெரும் பங்கு உண்டு என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று.

இரகசியம் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படுவதை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. உங்கள் அலுவலகம் தொலைபேசியில் விசாரித்தால் சொல்லிவிடக் கூடாது. விதிவிலக்குகள் உண்டு: உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றாலும், நீதிமன்றம் ஆணையிட்டாலும் தேவையான அளவு தெரிவிக்கலாம், குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி புகார் அளித்தே ஆக வேண்டும். நல்ல உளவியலாளர் இந்த எல்லைகளை முதல் நாளே விளக்குவார், விளக்காவிட்டால் கேளுங்கள். அலுவலகமே ஏற்பாடு செய்து தரும் ஆலோசகர் என்றால், நிறுவனத்துக்கு எந்தத் தகவல் போகும் என்பதைப் பேசத் தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

கட்டணம் தாங்காது என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. கூட்டம் அதிகம் என்பதால் நீண்ட நேரம் பேசக் கிடைக்காமல் போகலாம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மனஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையில் 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்துத் தமிழில் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வலுத்தால் அடுத்த வாரச் சந்திப்புக்காகக் காத்திருக்காமல் உடனே அந்த எண்ணை அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு செல்லுங்கள்.

வீட்டில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. என் விஷயத்தில் தெரிந்தது உதவியாகவே அமைந்தது. என் தாயார் முதலில் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொள்ளச் சொன்னார். கட்டிக்கொண்டேன், தெரபிக்கும் போனேன். 'பஸ் வேண்டாம் கண்ணு, ஆட்டோவில் போயிக்கோ' என்று அவர் தினமும் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த அன்பே பயத்துக்குத் தீனி போடுகிறது என்பதை நான் சொன்னபோது அவர் ஏற்கவில்லை. என் சம்மதத்தோடு ஓர் அமர்வின் கடைசி கால் மணி நேரம் அவரையும் உள்ளே அழைத்து உளவியலாளர் விளக்கிய பிறகே ஆட்டோவுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்தினார். உங்கள் வீட்டிலும் யாருக்காவது இப்படி எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தால், அவர்களையும் ஒரு நாள் அழைத்து வரலாமா என்று உங்கள் உளவியலாளரிடம் நீங்களே கேட்கலாம். அவர்களிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.