கோப்புறை எங்கே, உரிமை யாருக்கு? வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சிக்கலில் வந்து நிற்கின்றன. செயலியின் நிரல், அது சேர்க்கும் தரவு, கடவுச்சொற்கள் எல்லாம் ஒரே கோப்புறையில் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்து வையுங்கள் என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

அண்ணா, சிறு தோட்டக்காரர்களின் கொழுந்துக் கணக்குக்கு ஒரு ஜாவா செயலி செய்தோம். டொம்கெட் என்ற ஜாவாச் சேவையக மென்பொருளில் ஓடுகிறது. செயலியை ஒரே பொதியாகக் கட்டிய புதிய வார் கோப்பைப் போடும்போதெல்லாம், ஏற்றிவைத்த நிறைச்சீட்டுப் படங்கள் காணாமல் போகின்றன. (ஹட்டன்)

டொம்கெட் செயலிகளை விரிக்கும் வெப்ஆப்ஸ் கோப்புறைக்குள் படங்களைச் சேமிக்கிறீர்கள். அங்கே விரிந்திருக்கும் கோப்புறை டொம்கெட்டுக்குச் சொந்தமானது. புதிய வார் வந்தால் பழையதை முழுதாக அழித்துவிட்டுப் புதிதாக விரிக்கும். உங்கள் படங்களும் அதோடு போகும்.

சேர்வர் தரவுக்கென்று லினக்ஸில் உள்ள எஸ்ஆர்வி (/srv) அடைவின் கீழ் படங்களுக்கென்று தனிக் கோப்புறை அமைத்து, அதன் உரிமையை டொம்கெட் பயனருக்குக் கொடுங்கள். பிறகு டொம்கெட்டின் அமைப்புகள் இருக்கும் கொன்ஃப் கோப்புறைக்குள் கட்டலினா, அதற்குள் லோக்கல்ஹோஸ்ட் என்று போய், ஒரு சிறிய எக்ஸ்எம்எல் கோப்பில் டொக்பேஸாக, அதாவது கோப்புகள் இருக்கும் இடமாக, அந்தப் புதிய இடத்தைக் குறிப்பிடுங்கள். அந்தக் கோப்பின் பெயரே இணைய முகவரியில் பாதையாக வரும்.

இதோடு பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. உபுண்டு லினக்ஸின் பொதியாக நிறுவிய டொம்கெட், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் கட்டுப்பாட்டுக்குள் ஓடுகிறது. உரிமைகள் எல்லாம் சரியாக இருந்தாலும் வெளிக் கோப்புறையில் எழுத விடாது. சேவையின் அமைப்பில் எழுத அனுமதித்த இடங்களைச் சொல்லும் ரீட்ரைட்பாத்ஸ் வரியில் புதிய இடத்தைச் சேர்த்து, சேவையை மீண்டும் தொடக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். மழைக்காலத்தில் நம் பக்கம் இணைப்பு அறுவது புதிதல்ல. வார் கோப்பை நேராக வெப்ஆப்ஸுக்குள் ஏற்றாதீர்கள். டொம்கெட் வழக்கமாக 10 விநாடிக்கு ஒரு தடவை அங்கே எட்டிப் பார்க்கும். பாதி வந்த கோப்பையே விரிக்கத் தொடங்கிவிடும். அதே வட்டுப் பிரிவில் (partition) வேறொரு கோப்புறைக்கு, கோப்புகளை ஏற்றும் ஆர்சிங்க் கருவி மூலம் ஏற்றுங்கள். பார்ஷியல் தெரிவைச் சேர்த்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முழுதாக வந்ததும் எம்வி கட்டளையால் நகர்த்துங்கள். பிரிவு வேறாக இருந்தால் எம்வியும் பிரதியெடுக்கத்தான் செய்யும். பழைய ஆபத்து அப்படியே இருக்கும்.

சேர், லாராவெல் என்ற பிஎச்பி கட்டமைப்பில் செய்த செயலி 500 பிழை (சேர்வரின் உட்பிழை) காட்டியது. ஒரு காணொளியைப் பார்த்து எல்லாவற்றுக்கும் 777 உரிமை கொடுத்தேன், வேலை செய்கிறது. அப்படியே விடலாமா? (பதுளை, பல்கலைக்கழக மாணவர்)

விடக்கூடாது, தம்பி. மூன்று இலக்கங்களும் முறையே உரிமையாளர், குழு, மற்றவர்களின் உரிமைகள்: 7 முழு உரிமை, 6 படிக்கவும் எழுதவும், 5 படிக்கவும் உள்ளே போகவும், 4 படிக்க மட்டும், 0 ஒன்றுமில்லை. 777 என்றால் அந்தச் சேர்வரில் உள்ள எந்தப் பயனரும் உங்கள் நிரலை மாற்றி எழுதலாம். பக்கத்துத் தளம் ஒன்று உடைந்தால் உங்களுடையதும் உடையும்.

லாராவெலுக்கு எழுதும் உரிமை தேவைப்படுவது ஸ்டோரேஜ், பூட்ஸ்ட்ராப்பின் கீழுள்ள கேஷ் என்ற இரண்டு கோப்புறைகளுக்குத்தான். உரிமையாளர் நீங்கள், குழு இணையச் சேவையகத்தின் குழு என்று வைத்து, அந்த இரண்டுக்கும் 770 கொடுங்கள். மற்றக் கோப்புறைகளுக்கு 750, கோப்புகளுக்கு 640 போதும்.

தளத்தின் வேர் (உலாவிக்குத் திறந்துவிடும் கோப்புறை) பப்ளிக் கோப்புறையைக் காட்டுகிறதா என்றும் பாருங்கள். செயலியின் மேல் கோப்புறையையே காட்டினால், தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கும் டொட் என்வ் கோப்பை உலாவியில் எவரும் திறக்கலாம். அப்படி ஒரு நாள் இருந்திருந்தாலும் கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள்.

பாடசாலைத் தளத்தின் படங்கள் என் மடிக்கணினியில் தெரிகின்றன, சேர்வரில் தெரிவதில்லை. (தலவாக்கலை, ஆசிரியை)

டீச்சர், விண்டோஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்க்காது, லினக்ஸ் பார்க்கும். கோப்புப் பெயர்களையெல்லாம் சிறிய எழுத்துக்கு மாற்றி, பக்கங்களிலும் அவ்வாறே திருத்துங்கள்.

கோப்புகளுக்கு 644 கொடுத்தும் 403 பிழை (அனுமதி மறுப்பு) வருகிறது. தளம் என் ஹோம் கோப்புறைக்குள் இருக்கிறது. (பண்டாரவளை)

தோட்டத்துக் கேட் பூட்டியிருந்தால் உங்கள் வீட்டுக் கதவு திறந்திருந்து என்ன பயன்? வழியிலுள்ள ஒவ்வொரு கோப்புறையும் உள்ளே போக இடம் தரவேண்டும். உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் கோப்புறைகள் 750 உடன்தான் உருவாகின்றன. நேம்ஐ கட்டளையை எல் தெரிவோடு இயக்கினால் வழி எங்கே அடைபடுகிறது என்று வரிசையாகக் காட்டும். ஆனால் ஹோமைத் திறந்துவிடாதீர்கள், தளத்தை எஸ்ஆர்விக்கு மாற்றுங்கள்.

ஏப்ரல் சீசனில் எங்கள் விடுதி முன்பதிவுத் தளத்தை ஒரு நிமிடமும் நிறுத்த முடியாது. பிஎச்பியில் எழுதியது. எப்படிப் புதுப்பிப்பது? (நுவரெலியா)

ஒவ்வொரு பதிப்பையும் திகதியிட்ட தனிக் கோப்புறையில் வையுங்கள். கரண்ட் என்ற சிம்லிங்க் (வேறோர் இடத்தைச் சுட்டும் இணைப்பு) நடப்புப் பதிப்பைச் சுட்டட்டும். இணையச் சேவையகமான என்ஜின்எக்ஸ் அந்த இணைப்பையே வேராகக் கொள்ளட்டும். ஏற்றிய படங்களும் டொட் என்வும் பொதுக் கோப்புறை ஒன்றில் இருந்து ஒவ்வொரு பதிப்புக்குள்ளும் இணைக்கப்படட்டும். மாற்றும்போது புதிய சிம்லிங்கை வேறு பெயரில் உருவாக்கி, எம்வியின் பெரிய டி (-T) தெரிவோடு கரண்டின் மேல் நகர்த்துங்கள். ஒரே அசைவில் மாறும். பழுது வந்தால் பழைய பதிப்புக்கு அதே வழியில் திரும்பலாம்.

மாற்றிய பிறகும் பழைய நிரல் ஓடினால், பிஎச்பி தொகுத்த நிரலை நினைவில் வைக்கும் ஒப்கேஷ் பழைய பாதையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. என்ஜின்எக்ஸ் அமைப்பில் டொக்யுமென்ட் ரூட் மாறிக்குப் பதிலாக ரியல்பாத் ரூட் மாறியைக் கொடுங்கள்.