குழந்தைகள் நலப் பணி படிக்கப் போகிறீர்களா? முதலில் களப்பணியைப் பற்றிக் கேளுங்கள்

இந்தத் துறைக்கு வர நினைக்கும் மாணவர்கள் பலரும் சொல்லும் முதல் காரணம், "எனக்குக் குழந்தைகளைப் பிடிக்கும்" என்பது. நல்ல காரணம்தான். ஆனால் வேலைநாளில் பெரும்பொழுது பெரியவர்களோடு போகும். குடியை விட முடியாத அப்பா, அடிபட்டும் வாய் திறக்காத அம்மா, பேரனை வளர்க்கத் தெம்பில்லாத பாட்டி, பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம் என்று நாள் நகரும். கோபத்தோடு கதவைத் திறப்பவரிடம் நிதானமாகப் பேச உங்களால் முடியுமா என்று முதலில் யோசியுங்கள்.

சமூகப்பணி இதற்கு நேரான வழி. உளவியல், சிறப்புக் கல்வி, முன்பருவக் கல்வி, செவிலியம், சட்டம் ஆகியவற்றிலிருந்தும் வரலாம். உளவியலில் முதுநிலைப் பட்டம் வாங்கியதும் குழந்தைகளுக்குச் சிகிச்சை தரலாம் என்று பலர் நம்பிச் சேர்ந்துவிடுகிறார்கள். அதற்குத் தனியாக மேற்பார்வையுடன் கூடிய சிகிச்சைப் பயிற்சியும் பெரும்பாலும் உரிமமும் தேவை. சேர்ந்த பிறகு இது தெரியவந்தால் இரண்டு வருடம் வீணாகும்.

கல்லூரியின் பெயரைவிடக் களப்பணியை, அதாவது படிக்கும்போதே நிறுவனங்களில் நேரடியாக வேலை செய்து பழகுவதை, பாருங்கள். அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற இளநிலைச் சமூகப்பணிப் படிப்பில் குறைந்தது 400 மணி நேரமும் முதுநிலையில் 900 மணி நேரமும் களப்பணி கட்டாயம். இதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொண்டு, நீங்கள் சேரப்போகும் இடத்தில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். எந்த நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள்? வாரந்தோறும் உட்கார்ந்து உங்கள் வேலையை அலசும் மேற்பார்வையாளர் உண்டா? இதற்கு மழுப்பலான பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம். மேற்பார்வை இல்லாத களப்பணியில் மாணவர் கோப்பு அடுக்கிவிட்டுத் திரும்புவார், அல்லது தாங்க முடியாத ஒரு குடும்பச் சிக்கலில் தனியாக மாட்டிக்கொள்வார்.

படிக்கும் காலத்தில் மூன்று திறமைகளை விடாமல் பழகுங்கள். முதலாவது எழுத்து. பார்த்தது, பிறர் சொன்னது, நீங்கள் நினைப்பது ஆகிய மூன்றையும் பிரித்து எழுத வேண்டும். "வீடு அலங்கோலம், தாய் அக்கறையற்றவர்" என்ற குறிப்பு எதற்கும் உதவாது. "காலை 11 மணி, அடுப்பு பற்றவைக்கப்படவில்லை, கடைசியாக நேற்று இரவு சாப்பிட்டதாகக் குழந்தை சொன்னது" என்பது உதவும். அந்தக் குறிப்பை வைத்து ஒரு குழந்தையின் வாழ்க்கை முடிவாகலாம். இரண்டாவது, மூன்று தலைமுறை உறவுகளைக் குடும்ப வரைபடமாகப் போடுவது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். யாரும் சொல்லாமல் விட்ட சித்தியோ மாமாவோ அதில்தான் கண்ணில் படுவார். மூன்றாவது, குழந்தையிடம் கேட்கும் விதம். "அப்பா அடித்தாரா?" என்ற கேள்வி பதிலைக் குழந்தையின் வாயில் திணிக்கும். "என்ன நடந்தது, சொல்" என்று கேட்டுவிட்டு அமைதியாகக் காத்திருங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஆபத்து தெரிந்தால் சொல்லியே ஆக வேண்டும், வாக்கு மீறினால் அந்தக் குழந்தை மறுபடி நம்பாது.

ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை (1989) ஒருமுறையாவது முழுதாக வாசியுங்கள். மொத்தம் 54 பிரிவுகள். குழந்தையின் நலன் பற்றிய 3ஆம் பிரிவு, பெற்றோரிடமிருந்து பிரிப்பது பற்றிய 9ஆம் பிரிவு, குழந்தையின் கருத்தைக் கேட்பது பற்றிய 12ஆம் பிரிவு மூன்றும் அன்றாடம் தேவைப்படும். மாற்றுப் பராமரிப்பு (பெற்றோரிடம் இருக்க முடியாத குழந்தைகளை வேறிடத்தில் வளர்ப்பது) குறித்த 2009 ஐ.நா. வழிகாட்டுதல்கள், வறுமையை மட்டுமே காரணம் காட்டிக் குழந்தையைப் பிரிக்கக் கூடாது என்கின்றன. ருமேனியாவின் புக்கரெஸ்டில் 136 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், குழந்தைகள் இல்லத்திலேயே இருந்தவர்களைவிட வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனவர்கள் நன்றாகத் தேறினார்கள். குடும்பத்தைத் தாங்கிப்பிடிக்கும் வேலை ஏன் இத்தனை முக்கியம் என்பது இதிலிருந்து புரியும்.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளையின் மனம் உடைந்துவிடுமோ என்ற உங்கள் பயம் நியாயமானது. பிறர் துயரத்தைக் கேட்டுக் கேட்டுத் தூக்கம் கெடுவது இங்கு உண்மையாக நடக்கிறது. வேலைக்குச் சேரும்போது சம்பளத்தோடு, ஒருவர் எத்தனை குடும்பங்களைக் கவனிக்க வேண்டும், ஆபத்தான வீடுகளுக்கு இருவராக அனுப்புவார்களா என்பதையும் கேட்கச் சொல்லுங்கள்.

சேருவதற்கு முன் பழகிப் பார்க்க விரும்பினால், குழந்தைகள் இல்லத்தில் இரண்டு வாரத் தன்னார்வப் பணி வேண்டாம். பெரியவர்கள் வந்து வந்து மறைவதை அந்தக் குழந்தைகள் ஏற்கெனவே போதுமான அளவு பார்த்துவிட்டார்கள். மாலை நேரப் படிப்பு மையம் ஒன்றில், வாரம் ஒரு நாள், ஆறு மாதம் தவறாமல் போங்கள். நிறுத்தும் தேதியை ஒரு மாதம் முன்பே குழந்தைகளிடம் சொல்லுங்கள்.